உறை ஒட்டுகிறவள்

லியெபாயாவில் காற்றுக்குக் கதவு கிடையாது.
கடலிலிருந்து நேரே ஏறி வந்து
மீன் ஆலையின் இரும்புக் கேட்டில்
எதை ஒட்டினாலும் கிழித்துவிடும்.
அதனால் அந்தக் காகிதத்தை
நாலு மூலையிலும் டேப் போட்டு
நடுவிலும் ஒன்று போட்டு
நானேதான் ஒட்டினேன்.

ஆள் தேவை. டப்பா அடைக்கும் பிரிவு.
மாதம் ஆயிரத்து இருநூற்றைம்பது முதல்
ஆயிரத்து ஐந்நூறு யூரோ வரை.

தொகை போடாமல் விளம்பரம் கூடாது என்று
சட்டம் சொல்லிவிட்டது.
மேலாளர் ஆக்ரிஸ் அந்த வரியை மட்டும்
சின்ன எழுத்தில் அடிக்கச் சொன்னார்.
அடித்தேன்.
சின்ன எழுத்திலும் அது அதே தொகைதான்.

பதினாறு வருஷமாகச் சம்பளக் கணக்கு என் கையில்.
யாருக்குக் கடன் பிடித்தம், யாருக்கு ஜீவனாம்சம்,
யார் கேட்டு வாங்கினார், யார் கேட்கவே இல்லை,
எல்லாம் தெரியும்.
கேன்டீனில் சூப் குடிக்கும்போது
ஒவ்வொரு தலைக்கு மேலும் ஓர் எண் மிதக்கும்,
எனக்கு மட்டும்.
ஸ்மைடாவின் தலைமேல் ஆயிரத்துத் தொண்ணூறு.
பக்கத்தில், அவளிடமே வேலை பழகிய வில்னிஸ்.
அவன் தலைமேல் ஆயிரத்து முந்நூற்று அறுபது.
இருவரும் உப்புக் குடுவையைக் கைமாற்றிக் கொள்வார்கள்.
நான் சூப்பைப் பார்ப்பேன்.

ஸ்மைடாவுக்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்,
லிண்டன் மரங்களுக்குக் கீழே,
ஆறு தேனீப் பெட்டிகள்.
ஆகஸ்ட் வந்தால் ஒரு ஜாடி என் மேசைக்கு வரும்.
"கணக்குப் பார்க்கிற கண்ணுக்கு நல்லது" என்பாள்.
நன்றி சொல்லி வாங்கி வைத்துவிட்டு
அன்று மாலையே அவள் சம்பளச் சீட்டின் உறையை
ஒட்டியிருக்கிறேன்,
நாக்கில் தேனும் பசையுமாக.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
டன் கணக்கில் உப்பிடும் ஆலை இது.
நினைத்தேன்.
தேனிட்டவளை நினைக்க
நான் கையெழுத்துப் போட்ட தாளில் இடமில்லை.

திங்கட்கிழமை, காலை ஷிப்ட்.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
பனியில் நின்று காகிதத்தைப் படிக்கிறாள்.
படித்துவிட்டாள். நகரவில்லை.
கையுறையைக் கழற்றி,
தொகையின் மேல் விரல் வைத்து,
திரும்ப முதலிலிருந்து,
மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல.
இனிமேல் வரப்போகிற ஒருத்திக்கு,
இன்னும் முகமே இல்லாதவளுக்கு,
முதல் நாளிலேயே
தன்னைவிட நூற்றறுபது அதிகம்.

இடைவேளையில் என் கண்ணாடித் தடுப்புக்கு முன் வந்தாள்.
உடம்பெல்லாம் புகையிட்ட மீன் வாசம்.
வில்னிஸுக்கு எவ்வளவு என்று கேட்பாள்,
ஆக்ரிஸிடம் போ என்று சொல்லலாம் என
ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.

அவள் கேட்டது வேறு.
"எத்தனை வருஷமாக உனக்குத் தெரியும், ஜிட்ரா?"

கணக்கு எனக்குச் சட்டென்று வரும்.
அன்று வரவில்லை.
இழுப்பறையைத் திறந்து
புதுச் சட்டத்தோடு வந்த படிவத்தை எடுத்தேன்.
ஒரே வேலை செய்கிறவர்களின் சராசரிச் சம்பளம்,
ஆண்களுக்குத் தனியே, பெண்களுக்குத் தனியே;
எழுதிக் கேட்டால் எழுதித் தரவேண்டும்.
பேனா கேட்டாள். கொடுத்தேன்.
நின்றபடியே நிரப்பினாள்.
'கேட்பதற்கான காரணம்' என்று
ஆக்ரிஸ் தன் பங்குக்குச் சேர்த்திருந்த கட்டத்தில்
இரண்டே சொல்:
பதினொரு வருஷம்.

முத்திரை குத்தித் தேதி போட்டேன்.
பேனா என் பக்கம் வந்தது, அவள் போய்விட்டாள்.
என் அலமாரியில் அவளுடைய காலி ஜாடிகள்,
கழுவித் திருப்பித் தரவேண்டும் என்று
வருஷா வருஷம் நினைத்து வைத்தவை,
ஒன்பதோ பத்தோ.
எண்ணிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் காற்று
மேல் மூலையைப் பெயர்த்திருந்தது.
டேப் சுருளை எடுத்துக்கொண்டு
கேட்டுக்கு இறங்கினேன்.